கொடியேறுவதற்கு முன் ஒரு கூழ்: யாழ்ப்பாண விடுமுறைக் குறிப்புகள்

வெள்ளி

ரயிலில் இருக்கைகள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நாங்களோ ஐந்து பேர். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த சனிக்கிழமைதான் வருவார். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலேயே தகராறு தொடங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கப்போவது யார்? மூத்தவளுக்குப் பதினான்கு வயது. தனியாக இருக்கச் சொன்னால் அவளுக்குக் கொண்டாட்டம். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தனி இருக்கைக்குத்தான் ஜன்னல் என்று தெரிந்ததும் மற்ற மூன்று பேருக்கும் தனியாக இருக்க ஆசை வந்துவிட்டது. மாகோ வரை ஒருவர், அனுராதபுரம் வரை ஒருவர், வவுனியா வரை ஒருவர் என்று பங்கு பிரித்தோம். பக்கத்தில் இருந்த பெரியவர் பாவம், ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த பிள்ளையிடம் பெயரும் வகுப்பும் விசாரித்துக்கொண்டு வந்தார். வவுனியா தாண்டியதும் என்னைப் பார்த்து, "நாலும் உங்கடையோ?" என்றார். ஓம் என்றேன். "நல்லது. நாங்கள் ஒன்பது பேர்" என்றார்.

கொழும்பில் இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் "நல்லது" என்று முடிப்பதில்லை. "எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?" என்பார்கள், கொஞ்சம் அனுதாபத்தோடு. பிள்ளைகளைச் சமாளிக்கலாம். ஓட்டோவைத்தான் சமாளிக்க முடிவதில்லை. அதில் மூன்று பேர்தான் ஏறலாம். உணவகத்தில் குடும்பச் சாப்பாடு என்று போட்டிருப்பார்கள், பார்த்தால் இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும். குடும்பம் என்றால் நாலு பேர் என்று யாரோ எங்கேயோ இருந்து தீர்மானித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை.

யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கிய ரயில். 1990 இல் யுத்தத்தால் நின்றது, யாழ்ப்பாணம் வரை மறுபடி வந்தது 2014 ஒக்டோபரில். என் பள்ளிக்காலம் முழுக்க ஊரில் ரயில் கிடையாது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயிருந்தன, பாதை இருந்த இடத்தில் மாடு மேய்ந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வடைக்காரர் வந்துவிட்டார், சரித்திரம் அதோடு நின்றது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெளியாகி, வற்றிய கடனீரேரி வெயிலில் வெள்ளை வெளேரென்று தெரிந்தபோதுதான் நால்வரும் சண்டை மறந்து ஒரே ஜன்னலில் தலையை நீட்டினார்கள்.

அம்மா படலையில் நின்றா. பிள்ளைகளைக் கொஞ்சி முடித்த பிறகு என்னைப் பார்த்து, "என்ன இப்பிடிக் காய்ஞ்சு போனாய், நீ சாப்பிடுறேல்லையோ?" என்றா. நான் போன தடவையைவிட நாலு கிலோ கூடியிருக்கிறேன்.

சனி

எங்கள் வீடு கோண்டாவிலில். அம்மாவின் சீதன வீடு, அவவுடைய அம்மாவுக்கும் அதுதான் சீதனம். அம்மம்மா இங்கே ஏழு பிள்ளைகளை வளர்த்தா, அம்மா ஐந்து பேரை. அந்த ஐவரில் நான் ஒருத்திதான் இப்போது இலங்கையில். மற்றவர்கள் டொரொன்டோ, லண்டன், ஓஸ்லோ. அம்மாவோடு ஒரு நாய் இருக்கிறது.

காலை கிணற்றடி. கொழும்பு ஃபிளாட்டில் குளியலறை ஒன்று. பள்ளிக்கூட நாட்களில் காலை ஆறு மணிக்கு அந்தக் கதவில் விழும் தட்டலைக் கீழ்வீட்டுக்காரர் தன் அலாரமாகவே வைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே நாலு பேரையும் வரிசையாகச் சீமெந்துத் தளத்தில் நிறுத்தி, அம்மா வாளியால் அள்ளி அள்ளி ஊற்றப் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவர்கள் வெளியே வரவில்லை என்பது வேறு கதை. கடைக்குட்டிக்கு நாலு வயது. தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்தவன் அங்கேயே குடியிருக்கப் போவதாக அறிவித்தான். இரண்டாமவனும் மூன்றாமவளும் குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிற வாய்க்காலை மண்ணால் மறித்து, ஒரு கதலிக்கு மட்டும் முழு வெள்ளத்தையும் திருப்பிவிட்டார்கள். அம்மா பார்த்துவிட்டு, "அதுக்கு நேற்றே தண்ணி விட்டாச்சு, மற்றதுக்கு விடுங்கோ" என்றா. உடனே அணை உடைக்கப்பட்டது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். "அள்ளின தண்ணி ரெண்டு தரம் உதவ வேணும்" என்பது அம்மாவின் சட்டம். குளிப்பதும் வாழைக்கு இறைப்பதும் ஒரே வேலை. சனிக்கிழமை என்பதால் ஆண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நல்லெண்ணெய் வைத்து, அரப்பும் சீயாக்காயும் எலுமிச்சங்காயும் அவித்த தண்ணீரால் தலை தேய்த்தா. கண்ணில் பட்டதும் எழுந்த சத்தத்துக்கு முன்வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆ, வந்திட்டினம்" என்று சொல்லிவிட்டுப் போனா.

பின்நேரம் பனங்காய். ஆவணியில் பழம் விழும். பின்வளவு அண்ணை நாலைந்து கொண்டுவந்து போட்டார், கறுப்பாய், பளபளப்பாய், வாசத்தோடு. அந்த வாசம் பிடிக்கும் என்பவரும் ஓடுகிறவரும் உண்டு, நடுவில் ஆள் இல்லை. தோலை உரித்தால் உள்ளே மஞ்சள் நார். அதைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து பிசைந்து களியைப் பிழிந்தெடுக்க வேண்டும். நார் விரல் இடுக்குகளில் சுற்றிக்கொள்ளும், இழுத்தால் வராது. மூத்தவள் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். பிறகு ஃபோனில் படம் எடுக்கக் கிட்ட வந்தாள். அதன் பிறகு ஃபோனை எங்கே வைத்தாள் என்று தேட வேண்டியிருந்தது, முழங்கை வரை மஞ்சள். களியைத் துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சி ஆறவிட்டு, கோதுமை மாவோடு குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாய் எண்ணெயில் கிள்ளிப் போட்டா அம்மா. பணியாரம் அடுத்த நாள்தான் ருசி, களியின் கசப்பு அடங்கி இனிப்பு மேலே வரும். அடுத்த நாள் வரை இருந்தால்தானே?

பிழிந்த கொட்டைகளை எறியவில்லை. சேர்த்து வைத்துப் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு வரும், கிழங்கைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். ஒடியலை இடித்தால் மா. அந்த மாவுக்கு நாளைக்கு வேலை இருக்கிறது.

ஞாயிறு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நாளைக்குக் கொடி. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறினால், இருபத்தைந்து நாட்கள் திருவிழா. அது முடியும்வரைக்கும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மீனும் இறைச்சியும் உள்ளே வராது. எங்கள் ஒழுங்கையில் அநேகமான வீடுகளிலும் அப்படித்தான். ஆகவே மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ் என்றால் இன்றைக்கு, இல்லாவிட்டால் அடுத்த விடுமுறைக்கு. அம்மா விடிய எழும்பி ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டா. நானும் இரண்டாமவனும் பாசையூருக்குப் போனோம். நண்டு, இறால், ஒரு பெரிய பாரைத் தலை, கொஞ்சம் சின்ன மீன். விலை கேட்டு மயக்கம் வந்தது. அதை இங்கே எழுதினால் இவர் வாசிப்பார், விடுவோம்.

கூழ் இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. ஒரு பிடி புழுங்கல் அரிசி, ஒரு பிடி பலாக்கொட்டை, ஒரு பிடி பயற்றங்காய், ஒரு துண்டு மரவள்ளி, இரண்டு நண்டு, ஒரு பிடி இறால், மீன், ஒரு பிடி முருங்கை இலை. எல்லாம் ஒரு பிடிதான், ஆனால் பானை நிறைந்துவிடும். குறைத்துக் காய்ச்ச ஒரே வழி ஏதாவதொன்றை விடுவது. எதை விடுவது? அப்பா போன பிறகு அம்மா கூழே காய்ச்சவில்லையாம். "எனக்கொருத்திக்கு ஆர் காய்ச்சிறது?" என்றா, பலாக்கொட்டையின் தோலைச் சீவிக்கொண்டு. பரணில் இருந்த பெரிய பானையை இறக்கியபோது உள்ளே ஒரு பல்லி முட்டையும் பழைய ஈழநாதம் பேப்பரும் இருந்தன.

மா ஊறிய தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றிவிட வேண்டும், காறல் அதோடு போய்விடும். அடியில் தங்குகிற மாவைப் புளித்தண்ணீரில் கரைத்து வைப்பது. பானையில் முதலில் அரிசியும் கொட்டையும் கிழங்கும், அவை பாதி வெந்ததும் மீன் தலை, நண்டு, இறால். செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்தது நான். மிக்ஸி இருக்கிறது, ஆனால் அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றுவிட்டா. கடைசியில் கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றி மறுகையால் துழாவத் துழாவ, கலங்கலாய் நின்ற குழம்பு திடீரென்று பிடித்துக்கொண்டு மினுங்கத் தொடங்கும். குமிழி ஒன்று மெதுவாக எழும்பி 'பொளக்' என்று உடையும். மூன்றாமவள் அடுப்படியிலேயே நின்று ஒவ்வொரு குமிழிக்கும் சத்தம் கொடுத்தாள். இலையைப் போட்டு இறக்கியாயிற்று.

பின்வளவு அண்ணை பனையோலையில் பிளா கோலித் தந்தார். மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். நாங்கள் ஆறு பேர், முன்வீட்டு மாமி, அவவின் பேரன், அண்ணையும் பெண்சாதியும், வழியால் சைக்கிளில் போய் வாசத்துக்கு இறங்கிய தபால்காரத் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடிதம் இல்லை, பசி இருந்தது. பிளாவின் நுனியால் ஒழுகி முழங்கையில் வழிந்தால்தான் கூழ் குடித்த கணக்கு. உறைப்புக்குத் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். கடைக்குட்டி கூழை ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொட்டை மட்டும் தின்றான், ஆடத் தெரியாத ஆட்டத்தில் நடுவராக இருப்பவன் மாதிரி எல்லோருக்கும் சொட்டு பங்கிட்டுக்கொண்டு. மூத்தவள், "எனக்கு உறைப்பு ஒத்துக்காது" என்று தொடங்கியவள், மூக்கைத் துடைத்துத் துடைத்து மூன்றாவது பிளாவுக்கு நீட்டினாள். இரண்டாமவன் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சுகிற முறையை மாமியிடம் பாடமாகப் படித்தான். மாமி பல்லில்லாத ஆள். சொல்லித்தான் கொடுத்தா.

பானை காலி. மிச்சம் இருந்தால் நாளைக்கு வைக்க முடியாதே என்று அம்மா யோசித்தா, யோசனைக்கு வேலை இருக்கவில்லை. பின்நேரம் மச்சச் சட்டிகள் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தோம். குசினி கழுவியாயிற்று.

திங்கள்

நல்லூரில் மணி அடித்தால் மணிதான். பூசை ஒரு நிமிடம் பிந்தாது. நாலு பிள்ளைகளோடு காலை பத்து மணிக் கொடியேற்றத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வது என்பது எனக்கும் முருகனுக்கும் இடையிலுள்ள பழைய பிரச்சினை. இன்றைக்குச் சேர்ந்துவிட்டோம், காரணம் அம்மா நாலரைக்கே எல்லோரையும் எழுப்பியது. இரண்டாமவனுக்கு மேல்சட்டை கழற்ற வெட்கம். உள்ளே போய் ஆயிரம் வெறும் மேலைப் பார்த்ததும் வெட்கம் பறந்தது.

இந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்தது அர்ச்சனைச் சீட்டு. ஒரு ரூபா. ஊரில் ஒரு ரூபாவுக்கு வேறென்ன கிடைக்கும்? பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகச் செய்யலாம், யாரையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் சீட்டைத் தானே பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கடைக்குட்டிக்குத் தன் நட்சத்திரம் தெரியாது. ஐயர் கேட்டபோது, "ட்விங்கிள்" என்றான்.

பின்நேரம் மறுபடி போனோம், இந்த முறை கடைகளுக்கு. வீதியில் மணல் பரப்பி, வாகனத்தை மறித்திருப்பார்கள். இது பெற்ற தாய்களுக்காகவே செய்த ஏற்பாடு என்று நினைக்கிறேன். கையை விட்டுவிடலாம், ஓடினால் மணலில்தானே விழுவார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர். கச்சான் கடையில் வறுக்கிற மணலின் சூடு முகத்தில் அடித்தது. நாலு பேருக்கும் நாலு அம்மம்மாக் குழல். ஊதினால் சுருள் நீண்டு எதிரே நிற்பவரின் மூக்கில் குத்தும், காதைக் கிழிக்கும். வாங்கிக் கொடுத்தது அம்மம்மாதான், ஆகவே வீட்டுக்கு வந்ததும் ஊதப்பட்டதும் அம்மம்மாவின் காதடியில்தான். நான் தலையிடவில்லை. ஐஸ்கிறீம் கடையில் மேசைகளை இழுத்து ஒன்றாகச் சேர்த்துத் தந்தார்கள், கேட்காமலே. அங்கே எங்களைவிடப் பெரிய குடும்பங்கள் மூன்று இருந்தன.

செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. உடுப்புத் தோய்த்தோம், சோளகக் காற்றுக்கு அரை மணித்தியாலத்தில் காய்ந்தன, செம்மண்ணும் படிந்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பாண் ஓட்டோவை மறித்து ஜாம் பணிஸ் வாங்கினோம். மத்தியானம் விறாந்தையில் பாய் விரித்து எல்லோரும் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்தோம். நான் இரண்டு மணித்தியாலம் தூங்கினேன். இரண்டு மணித்தியாலம்! பிள்ளைக்காரிகளுக்குத்தான் இதை விளக்க வேண்டியதில்லை.

புதன்

நயினாதீவு. வான் ஒன்று பிடித்தோம், முன்வீட்டு மாமியும் பேரனும் சேர்ந்துகொண்டார்கள். பண்ணைப் பாலத்தால் போய், வேலணை தாண்டி, வாணர் தாம்போதியால் புங்குடுதீவு, அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை. பாலங்களின் இரண்டு பக்கமும் கடல் முழங்காலளவு, கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள், கம்புக்கு ஒரு கொக்கு. படகில் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். கடைக்குட்டிக்குக் கொடுத்தது அவன் கணுக்கால் வரை வந்தது. காற்றுப் பலம். படகு ஏறி இறங்கியபோது மூன்றாமவள் "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கடலுக்குக் கட்டளை போட்டாள், மாமி கண்ணை மூடி நாகபூசணி அம்மனைக் கூப்பிட்டா. இருபது நிமிடத்தில் கோபுரம் தண்ணீரோடு ஒட்டினாற்போல் வந்து நின்றது.

பிள்ளை வரம் கேட்டு வருகிற கோயில் இது. வாசலில் அம்மா என் கையைப் பிடித்து, "நீ பார்த்துக் கும்பிடு, பிள்ளை" என்றா. மாமி சிரித்த சிரிப்பில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மிகவும் கவனமாக, உள்ளவற்றுக்கு நல்ல புத்தி மட்டும் கேட்டேன்.

மத்தியானம் அன்னதானம். மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை ஏந்திய, அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தின் பெயர். அவள் அதைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று சொல்வார்கள். எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையில் இருந்தோம், இலை விழுந்தது, சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய், ரசம். வீட்டில் பூசணியைப் பார்த்தாலே எழும்பிப் போகிற இரண்டாமவன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். "கொழும்பில இது இப்பிடி இருக்காது" என்றான். நான் சமைப்பதைத்தான் சொல்கிறான். சரி.

திரும்பும்போது படகிலேயே எல்லோரும் நித்திரை. மூத்தவள் மட்டும் விழித்திருந்தாள், இயர்போன் இல்லாமல். கனடாவிலிருக்கும் பெரியம்மாவும் சின்ன வயதில் இதே படகில்தான் வந்தாவா என்று கேட்டாள். பெரியம்மா வந்து பாதி வழியில் சத்தி எடுத்த கதையைச் சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வியாழன்

காலையில் கீரிமலை. அமாவாசைக் கூட்டம் போய்விட்டது. ஆண்களின் கேணி வெளியே திறந்து கிடக்கும், பெண்களுடையது மதிலுக்குள். மறுபுறம் உப்புக் கடல் அலை அடிக்கிறது, இங்கே நன்னீர் ஊற்று. இரண்டாமவனை மாமியின் பேரனோடு அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் பெண்பிள்ளைகளும் கடைக்குட்டியும் உள்ளே இறங்கினோம். அம்மா எழுபது வயதில் சேலையோடு குந்தியிருந்து ஒரே முங்கில் அந்தக் கரைக்குப் போனா. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் நீந்தப் பழக்கியது இதே கேணியில் அவதான்.

இரவு டொரொன்டோ அக்காவோடு வீடியோ. மூத்தவள் முதல் வேலையாகப் படகுக் கதையைக் கேட்டாள், அக்கா என்னைத் திட்டினா. பிறகு, அடுத்த ஆவணிக்குத் தானும் மூன்று பிள்ளைகளோடு வரப்போவதாக அக்கா சொன்னா. லண்டன் தம்பியும் வரக்கூடும், அவனுக்கு இரண்டு. அம்மா ஃபோனை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனா. பெரியறையில் சுருட்டி வைத்திருந்த பாய்களை எடுத்து விரித்து விரித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு பாய் ஓட்டை. காணாது பிள்ளை. நாளைக்குத் தின்னவேலிச் சந்தைக்குப் போவம்" என்றா. அடுத்த ஆவணிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று சொன்னேன். "பாய் பழுதாப்போற சாமானே?" என்றா.

ஆகவே நாளைக்குச் சந்தை. ஓட்டோவில் மூன்று பேர்தான், ஆறு பேரும் வருகிறார்களாம், வரும்போது நாலு பாயும் ஏற வேண்டும். பின்வளவு அண்ணையின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கேட்டிருக்கிறோம்.